ரீச்சர் பதில்கள்: பதினொரு பேர் இருந்தால் அது சபையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறிய கிராமத்து ஆலயங்களைப் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். நானும் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) ஆலயத்தில், குருவானவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவள். முப்பத்தொரு வருடம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த வேலை அது. ஆகவே இது எனக்கும் வீட்டு விஷயம்தான்.

கேள்வி: ரீச்சர், ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் சேர்ச்சில் இப்போது பதினொரு பேர். மீள்குடியேறி வந்த புதிதில் நாற்பது பேர் இருந்தோம். பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். சிலர் ரவுணில் மைக்கும் கீபோர்ட்டும் உள்ள சபைக்குப் போகிறார்கள். "பதினொரு பேருக்கு ஒரு கட்டடம் எதுக்கம்மா? பூட்டிப்போட்டு ரவுண் சேர்ச்சில சேருங்கோ" என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா?

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் ஜெபப்புத்தகத்தை எடுங்கள். 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப்புத்தகத்தில், நற்கருணை, அதாவது அப்பமும் இரசமும் எடுக்கும் ஆராதனை முடிந்த பிறகு சின்ன எழுத்தில் சில ஒழுங்குகள் இருக்கும். அவற்றை வாசிக்கிறவர்கள் குறைவு. அங்கே ஒன்று சொல்லியிருக்கிறது: பங்கிலே நற்கருணை எடுக்கத் தகுதியானவர்கள் இருபது பேருக்கு மேல் இல்லாவிட்டாலும், நாலு பேர், குறைந்தது மூன்று பேராவது குருவோடு சேர்ந்து எடுக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் நற்கருணை வேண்டாம்.

இதை நான் முதலில் வாசித்தபோது கண்டிப்பான சட்டம் என்றுதான் நினைத்தேன். திரும்ப வாசித்தபோதுதான் வேறு மாதிரித் தெரிந்தது. இருபது பேர் கூடத் தேறாத ஒரு ஊரை அந்த ஆட்கள் 1662இலேயே மனதில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் ஆலயத்தைப் பூட்டு என்று அவர்கள் எழுதவில்லை. மூன்று பேராவது வாருங்கள் என்றுதான் எழுதினார்கள். காலை ஜெபத்தின் முடிவில் கிறிசோஸ்தோமின் ஜெபம் என்று ஒன்று சொல்கிறோமே, இரண்டு மூன்று பேர் உமது நாமத்தில் கூடினால் கேட்பதைத் தருவேன் என்று சொன்னவரே என்று? நாற்பது பேர் இருந்த காலத்திலும் அந்தச் சொல்லைத்தான் சொன்னீர்கள். அப்போது அது நமக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஆலயத்தில் ஒரு ஞாயிறு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏழு மணிக்கு நானும் இன்னொரு அக்காவும் போய்க் கதவைத் திறப்போம். இரவு வௌவால் போட்டதைக் கூட்டி அள்ளுவது அவவின் வேலை. பாய்களை உதறி விரிப்பது என் வேலை. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. சண்டைக்காலத்தில் பங்கருக்கு மேலே போட்டிருந்தது. மீள்குடியேறி வந்தபோது காணியைத் துப்புரவாக்கிய பெடியள் மண்ணுக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார்கள். அதைத்தான் மணியாக அடிக்கிறோம். எட்டு மணிக்கு ஒன்பது பேர், சில நாளில் பதினாலு பேர்.

போன வருடம் மாரி காலத்தில் ஒரு ஞாயிறு, வழமையாக யன்னலோரம் இருக்கிற ஒரு ஆச்சி வரவில்லை. அவவின் பாயை நான் விரித்துவிட்டேன். பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோருடைய கண்ணும் அந்தப் பாயில்தான். சங்கீதம் முடிந்ததும் ஒரு தம்பி எழும்பி, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நாங்கள் வேதவாசிப்பைத் தொடர்ந்தோம். ஆச்சி விடியற்காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறா. தனியாக இருக்கிற மனுசி. நாங்கள் கடைசி ஆசீர்வாதம் சொல்வதற்குள் அவவை ஓட்டோவில் ஏற்றியாகிவிட்டது. அன்று பிரசங்கம் இல்லை. நான் எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். இன்றும் அதற்குள்தான் இருக்கிறது.

முந்நூறு பேர் கூடும் இடத்தில் ஒரு பாய் வெறுமையாய்க் கிடந்தால் யார் கண்ணில் படும்? ரவுண் சபையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு நல்ல ஞாயிறு பள்ளி இருக்கும், பாட்டு இருக்கும், இளம் ஆட்களுக்குத் துணை இருக்கும். உங்கள் ஆலயத்தில் இருப்பது வேறு. மகன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அவன் கணக்கில் எடுக்காத இன்னொன்றும் உண்டு. உங்கள் பதினொரு பேரில் எழுபது தாண்டியவர்கள் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் காத்திருந்து அவர்கள் ரவுணுக்குப் போவார்களா? முதல் மாதம் போவார்கள். பிறகு வீட்டில் இருந்துவிடுவார்கள். நீங்கள் சேர்ச்சை மாற்றுவதாக நினைப்பீர்கள். அவர்களுக்குச் சேர்ச்சே இல்லாமல் போயிருக்கும்.

ஆனால் மகன் சொல்வதில் சரியான பக்கமும் இருக்கிறது. சிறிய சபை சில வேளை ஒரே குடும்பத்தின் சொத்துப்போல் ஆகிவிடும். சாவி ஒரே வீட்டில், காணிக்கைக் கணக்கு ஒரே கொப்பியில், பழைய கோபம் ஒன்று இரண்டு வீட்டுக்கு நடுவில். இப்படி உள்ளிருந்தே உலர்ந்துபோன ஒரு சபையை நான் பார்த்திருக்கிறேன். சண்டையால் போனதை விட அந்தச் சாவியால் போன ஆட்கள்தான் அதிகம். ஆகவே சாவிக்கு மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் கொடுங்கள். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் வாசியுங்கள், நூறு ரூபாய் என்றாலும். மாதத்தில் ஒரு ஞாயிறு ரவுண் சபையை உங்களிடம் வரச் சொல்லுங்கள். மகனையும் அன்று கூப்பிடுங்கள். கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்தானே.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் தாதியாக இருக்கிறாள். பக்கத்தில் "எபிஸ்கோப்பல்" என்று பெயர் போட்ட ஒரு ஆலயம். பதினாலு பேர், எல்லோரும் வெள்ளைக்கார முதியவர்கள். நிரந்தரமான குருவானவர் இல்லை. பண்ணைக்காரப் பெண் ஒருவர்தான் ஜெபம் நடத்துகிறாராம். மகளை வேதவாசிப்புக்குக் கேட்டிருக்கிறார்கள். இது எங்கள் சபைதானா, புதிதாக வந்த ஏதாவது கூட்டமா? அனுப்பலாமா? (ஒரு தாய், வவுனியா)

பதில்: தாராளமாக அனுப்புங்கள். உங்கள் சபைதான்.

பெயர் மாறியதற்குக் காரணம் அரசியல். அமெரிக்கா சுதந்திரம் அடைந்தபோது அங்கிருந்த இங்கிலாந்துத் திருச்சபையாருக்கு ஒரு பேராயர் (பிஷப்) கூட இல்லை. சாமுவேல் சீபரி என்ற குருவைப் பேராயராக அபிஷேகம் பெற்று வரும்படி இலண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமல் முடியாது என்று சட்டம் தடுத்தது. புதிய நாட்டின் குடிமகன் எப்படிச் செய்வார்? ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, கடைசியில் ஸ்கொட்லாந்துக்குப் போய், 1784 நவம்பர் 14இல் அபர்டீன் நகரத்தில் அங்குள்ள பேராயர்களிடம் அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்தின் பெயரை இனிப் போட முடியாது என்றபடியால், பேராயர் உள்ள சபை என்று பொருள்படும் "எபிஸ்கோப்பல்" என்ற பெயர் நிலைத்தது. நாங்கள் இங்கே இலங்கைத் திருச்சபை. வன்னி 1845இல் உண்டான கொழும்பு ஆதீனத்துக்குள், அதாவது கொழும்புப் பேராயரின் பகுதிக்குள் வருகிறது. இரண்டும் ஒரே அங்கிலிக்கன் குடும்பம். மகள் அங்கே சொல்லப்போகும் ஜெபங்களில் பாதி அவளுக்குப் பாடமாக இருக்கும், பாஷைதான் வேறு.

அந்த "எபிஸ்கோப்பல்" என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் அதைக் "கண்காணி" என்று எழுதியிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 20:28ஐப் பாருங்கள். எங்கள் சபையில் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தாத்தா இருந்தார். அவருடைய குடும்பம் தோட்டத்திலேயே அங்கிலிக்கனானது. 1850களில் அங்கே தோட்டத் தமிழருக்கென்று மிஷன் தொடங்கிய வழியில் வந்தவர்கள். அந்த வசனத்தை நான் வாசித்த நாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தவர், செருப்பைப் போட்டபடி நின்று, "டீச்சர், கங்காணின்னா எங்க ஆளுகளுக்கு வேற நெனப்பு வரும்" என்றார். காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் பதிகிறவர், கடனில் ஆளைக் கட்டி வைக்கிறவர், அப்படிப்பட்ட கங்காணிகளைச் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நல்ல கங்காணியும் இருந்தாங்க. ஆளு பெரட்டுக்கு வரலைன்னா லயத்துக்கே போய் என்னான்னு பாப்பாங்க" என்றார். பேராயர் என்றால் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனையோ வருடம் பாடுபட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் தாத்தா சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பண்ணைக்காரப் பெண் ஜெபம் நடத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலை ஜெபத்தை குரு அல்லாதவரும் நடத்தலாம். நான் இங்கே செய்வதும் அதைத்தான். குருவே இல்லாத சிறிய ஊர்களுக்கு என்ன செய்வது என்று அங்கே ஆழமாக யோசித்திருக்கிறார்கள். ரோலண்ட் அலன் என்ற ஆங்கிலேய மிஷனரி, 1900இல் சீனாவில் வெளிநாட்டாருக்கு எதிராக எழுந்த பொக்ஸர் கலகத்தைக் கண்டவர், ஊர்ச் சபைக்குத் தேவையான ஊழியரை அந்த ஊரிலேயே கண்டெடுத்து அபிஷேகம் பண்ணுங்கள், சம்பளக்காரர் வெளியிலிருந்து வருவார் என்று காத்திருக்காதீர்கள் என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார். அவர் காலத்தில் பெரிதாக யாரும் கேட்கவில்லை. 1970களில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வெஸ்லி ஃபிரென்ஸ்டோர்ஃப் என்ற பேராயர் அதை எடுத்துச் செய்து பார்த்தார்: பாலைவனத்துச் சிற்றூர்களில், தங்கள் தொழிலைச் செய்துகொண்டே இருக்கிற ஆட்களை அந்தந்தச் சபையே தெரிந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அங்கேயே குருவாக்குவது. மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது.

நம் தமிழருக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் அசரியா, 1912இல் இந்தியரில் முதல் அங்கிலிக்கன் பேராயரானவர், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கத்துக் கிராமங்களில் சபைகளை நடத்தியது ஊர்ப் பள்ளிக்கூட வாத்திமாரைக் கொண்டுதான். அவருக்கு முதலில் கண் திறந்த இடம் எது தெரியுமா? யாழ்ப்பாணம். 1902இல் அங்கே வந்தபோது, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷனரி அனுப்புவதைக் கண்டார். ஊருக்குத் திரும்பி அடுத்த வருடமே இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார். இதை மகளுக்கு எழுதுங்கள். அந்தப் பதினாலு பேருக்கும் அவள் சொல்லட்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்குக் குருவானவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். ஆறு ஆலயத்துக்கு அவர் ஒருவர். பாணும் திராட்சைச்சாறும் வைத்து நாங்களே நற்கருணை எடுத்தால் என்ன? (ஒரு தகப்பன், முழங்காவில்)

பதில்: ஐயா, உங்கள் பசி எனக்குத் தெரியும். இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பத்தையும் இரசத்தையும் ஆசீர்வதிப்பது நம் ஒழுங்கில் குருவின் பணி. அந்தக் குரு ஒரு பேராயரோடும், அந்தப் பேராயர் மற்ற எல்லா ஊரோடும் சேர்ந்திருக்கிறார். முழங்காவிலில் எடுக்கிற அப்பம் மொன்டானாவில் எடுக்கிற அப்பத்தோடு ஒன்றாவது அந்த வழியில்தான். நாங்களாகச் செய்தால் அது எங்கள் ஊர் அப்பம் மட்டும்.

2009இல் செட்டிகுளத்தில், இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாமில் இருந்தோம். கூடாரத்துக்குள் ஞாயிறு காலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். யாரிடமும் ஜெபப்புத்தகம் இல்லை. எனக்குப் பாடமாக இருந்ததைச் சொன்னேன், மறந்த இடத்தில் மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் ஒரு வயதான ஐயா, நிவாரணத்தில் வந்த பிஸ்கட் பைக்கற் ஒன்றை என் முன்னால் வைத்து, "இதை ஆசீர்வதிச்சுத் தா பிள்ளை. மாசிக்குப் பிறகு நான் எடுக்கேல்லை" என்றார். அவருடைய மகனும் மருமகளும் சித்திரையில் போய்விட்டார்கள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் ஆசீர்வதிக்கவில்லை. பதிலாக, நோயாளிக்கு நற்கருணை கொடுக்கும் பகுதியில் உள்ள ஒரு ஒழுங்கை அவருக்குச் சொன்னேன். வருத்தத்தினாலோ, குருவுக்கு அறிவிக்க முடியாமலோ, கூட எடுக்க ஆள் இல்லாமலோ, வேறு நியாயமான தடையாலோ ஒருவருக்கு நற்கருணை கிடைக்காமல் போனால், அவர் உண்மையாய் மனந்திரும்பி, கிறிஸ்து தனக்காக மரித்தார் என்று விசுவாசித்து நன்றி சொன்னால், வாயால் எடுக்காவிட்டாலும் அவர் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் எடுத்தவராகவே இருக்கிறார் என்று அதில் இருக்கிறது. "நியாயமான தடை" என்ற இடத்தில் அந்த ஐயா முள்ளுக்கம்பியைப் பார்த்தார். பிறகு பைக்கற்றைப் பிரித்து, "அப்ப இது பிஸ்கட்தான். எல்லாரும் சாப்பிடுவம்" என்று தானே பங்கு போட்டார். பிள்ளைகளுக்கு இரண்டு இரண்டு.

சில மாதம் கழித்து ஒரு குருவானவருக்கு உள்ளே வர அனுமதி கிடைத்தது. அந்த ஐயா கையில் அப்பத்தை வாங்கினார். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். குருவானவர் மற்ற எல்லோருக்கும் கொடுத்து முடித்துத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அதற்குப் பிறகுதான் ஐயா எடுத்தார்.

ஆகவே காத்திருக்கச் சொல்கிறேன். ஆனால் சும்மா இருந்து காத்திருக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மக்காவோவில் அகதிகள் நிறைந்திருந்தார்கள். அங்கிலிக்கன் குரு யாரும் அங்கே போக முடியவில்லை. புளோரன்ஸ் லி டிம் ஒய் என்ற பெண் உதவிக்குருதான் சபையைத் தாங்கிக்கொண்டிருந்தார். ஹொங்கொங் பேராயர் ஹோல் 1944 ஜனவரி 25இல் அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார். அங்கிலிக்கன் உலகத்தில் குருவான முதல் பெண் அவர். போர் முடிந்ததும் பெரிய எதிர்ப்பு வந்தது, பல வருடம் அந்தப் பணியைச் செய்யாமல் இருந்தார், ஆனால் பெற்ற அபிஷேகத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சனங்கள் பசியோடு இருந்தார்கள் என்பதற்காகத் திருச்சபை அன்று ஒரு படி எடுத்து வைத்தது. நீங்களும் எழுதுங்கள். எங்கள் ஊரில் இன்னார் இருக்கிறார், இவரைப் பயிற்றுவியுங்கள் என்று பெயரோடு பேராயருக்கு எழுதுங்கள். ஊரார் எல்லோரும் கையெழுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டாம் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: அறுப்பின் பண்டிகையில் ஆலய முற்றத்தில் பொங்கலாமா? சிலர் எதிர்க்கிறார்கள்.

பதில்: பொங்குங்கள். காலபோக நெல் வீட்டுக்கு வந்த பிறகு, முதல் கதிரை மேசையில் வைத்து, புது அரிசியில் பொங்கி, வந்த எல்லோருக்கும் கொடுப்பதில் என்ன பிழை? காணிக்கையாக வந்த பொருள்களை விற்கிற ஏலத்தை மட்டும் கவனியுங்கள். பூசணிக்காய்க்கு வெளிநாட்டுக் காசு உள்ளவர்கள் விலை ஏற்றிக்கொண்டே போனால், முட்டை இரண்டு கொண்டுவந்த மனுசி கூசிப்போய்ப் பின்னால் நிற்பா. எங்கள் ஆலயத்தில் முதல் பொருளாக எப்போதும் அந்த முட்டையைத்தான் கூறுகிறோம்.

கேள்வி: நான் சைவம். எங்கள் வளவுக்கு அடுத்தது உங்கள் ஆட்களின் சின்ன சேர்ச். மணி அடிக்கிற ஐயாவுக்கு வருத்தம், இரண்டு ஞாயிறாக மணி கேட்கவில்லை. சத்தம் இல்லாமல் எங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. நான் அடித்தால் குற்றமா? (மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி)

பதில்: குற்றமே இல்லை தம்பி. சனங்கள் தேவ வசனம் கேட்க வரும்படி முன்கூட்டியே மணி அடிக்க வேண்டும் என்று எங்கள் ஜெபப்புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. குரு மணி அடிப்பிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதே தவிர, அடிக்கிற ஆள் யாராக இருக்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. முதலில் அந்த ஐயாவிடம் போய்க் கேளுங்கள். அவருக்குச் சந்தோசமாக இருக்கும், வருத்தம் விசாரித்ததாகவும் இருக்கும். முதல் மணி ஆராதனைக்கு அரை மணித்தியாலம் முன்னால், ஆறுதலாக. இரண்டாம் மணி தொடங்குகிற நேரத்துக்கு, கொஞ்சம் கெதியாக. கயிறு பழசென்றால் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். கடைசி அடிக்குப் பிறகு கயிற்றை உடனே விட்டுவிடாமல் பிடித்திருங்கள், இல்லாவிட்டால் அது தானே இன்னொரு தரம் அடிக்கும்.